குருதிக்கசிவுப் பக்கவாதம்

குருதிக்கசிவுப் பக்கவாதம் என்பது மூளையினுள்ளோ மூளையைச் சூழ்ந்துள்ள உறைகளுக்கு இடையிலோ குருதிக்குழாய் ஒன்று வெடித்து, அதிலிருந்து வெளியேறும் குருதி மூளைத் திசுவைச் சிதைப்பதால் உண்டாகும் நோய் ஆகும். குருதிக்குழாய் அடைபடுவதால் ஏற்படும் பக்கவாதத்திலிருந்து இது காரணத்திலும் மருத்துவத்திலும் வேறுபட்டது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே காணப்படும். ஆயினும் ஒன்றுக்கு உயிர் காக்கும் மருந்து மற்றொன்றுக்கு உயிரைப் பறிக்கும் மருந்தாகிவிடக் கூடும். ஆகவே இவ்விரண்டையும் விரைந்து பிரித்தறிவதே இந்நோய் குறித்த மருத்துவத்தின் முதற்படியாகும்.

2021 ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி அவ்வாண்டில் புதிதாகப் பக்கவாதத்துக்கு உள்ளானோர் சுமார் 1 கோடியே 19 லட்சம் பேர். இவர்களுள் ஏறத்தாழ 65 விழுக்காட்டினருக்குக் குழாய் அடைப்பும், 29 விழுக்காட்டினருக்கு மூளைத் திசுவினுள் குருதிக்கசிவும், 6 விழுக்காட்டினருக்குச் சிலந்திவலைப் படலத்தின் கீழ்க் குருதிக்கசிவும் காரணமாக இருந்தன. எண்ணிக்கையில் குறைவாயினும் இறப்பும் ஊனமும் குருதிக்கசிவு வகையிலேயே மிகுதி. மூளைத் திசுவினுள் குருதி கசிந்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுவதாக 2010 இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அதே ஆய்வு, ஆசிய மக்களிடையே இந்நோய் வெள்ளையரிடையே உள்ளதைப் போல ஏறத்தாழ இருமடங்கு காணப்படுவதையும் சுட்டியது.

இந்நோய் பற்றிய ஆய்வில் சென்னை, வேலூர், பெங்களூர் ஆகிய தென்னிந்திய நகரங்களுக்குக் குறிப்பிடத்தக்க இடமுண்டு. தமிழ்நாடு–கருநாடக எல்லையில் அமைந்துள்ள ஓசூர்–கிருஷ்ணகிரி தொழில் வட்டாரம், பெங்களூரின் நரம்பியல் மருத்துவமனைகளுக்கு அண்மையில் இருப்பதாலும், உயர் இரத்த அழுத்தத்தை வீட்டு வாயிலிலேயே கண்டறியும் தமிழக அரசுத் திட்டம் இம்மாவட்டத்தில் தொடங்கப்பட்டதாலும் இத்துறையில் கவனத்துக்குரியது.

வகைகள்

குருதி கசியும் இடத்தைக் கொண்டு இந்நோய் இரு பெரும் வகைகளாகப் பிரிக்கப்படுகின்றது.

மூளைத் திசுவினுள் குருதிக்கசிவு: மூளையின் ஆழத்தில் உள்ள நுண்ணிய தமனி வெடித்துக் குருதி திசுவுக்குள் தேங்குவது. பெருமூளையின் அடிக்கரு முடிச்சுகள், தலாமசு, மூளைப்பாலம், சிறுமூளை ஆகியவை உயர் இரத்த அழுத்தத்தால் கசிவு ஏற்படும் வழக்கமான இடங்கள். முதியவர்களுக்கு மூளையின் புறப்பகுதி மடல்களில் கசிவு ஏற்படின், குழாய்ச் சுவர்களில் அமிலாய்டு எனும் புரதம் படிந்திருத்தல் காரணமாக இருக்கலாம்.

சிலந்திவலைப் படலத்தின் கீழ்க் குருதிக்கசிவு: மூளையைப் போர்த்தியுள்ள மூன்று உறைகளுள் நடுவிலுள்ளது சிலந்திவலைப் படலம். இதற்கும் உள்ளுறைக்கும் இடையே மூளைத் தண்டுவட நீர் ஓடும் வெளியில் குருதி பரவுவது இவ்வகை. காயத்தால் அல்லாமல் தானாக ஏற்படும் இத்தகைய கசிவுகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டிற்குத் தமனிப் புடைப்பு வெடிப்பதே காரணம்.

விபத்தில் தலையில் அடிபடுவதால் மூளையுறைகளுக்கு இடையே குருதி தேங்குவது பக்கவாதமாகக் கொள்ளப்படுவதில்லை.

அடிப்படையான குருதிக்குழாய்க் கோளாறுகள்

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே ஆயினும் உடல் பயன்படுத்தும் உயிர்வளியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கின்றது. இதற்கான குருதியைக் கழுத்தின் முன்புறத் தமனிகள் இரண்டும் முதுகெலும்புத் தமனிகள் இரண்டும் கொண்டுவந்து, மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. 1664 இல் இதனை விளக்கிய ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் பெயரால் இது வில்லிஸ் வளையம் எனப்படுகின்றது. இவ்வலைப்பின்னலில் ஏற்படும் பின்வரும் கோளாறுகள் குருதிக்கசிவுக்கு இட்டுச்செல்கின்றன.

* உயர் இரத்த அழுத்தத்தால் நுண்தமனிகள் சிதைதல்: ஆண்டுக்கணக்கில் தொடரும் மிகை அழுத்தம் பெருந்தமனிகளிலிருந்து நேராகப் பிரியும் மெல்லிய கிளைகளின் சுவரைத் தடிக்கச் செய்து, வலுவிழக்கவும் செய்கின்றது. அழுத்தம் திடீரென உயரும்போது இவை வெடிக்கின்றன.
* தமனிப் புடைப்பு: தமனிகள் கிளைவிடும் இடத்தில் சுவர் நலிந்து சிறு பலூன்போல் வெளித்தள்ளுவது. அனூரிசம் எனவும் வழங்கும். வயது வந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு மூவரிடம் இது இருப்பதாகக் கணிக்கப்படுகின்றது. பெரும்பாலானவை வாழ்நாள் முழுதும் வெடிப்பதில்லை.
* தமனி–சிரை உருக்கேடு: இடையில் நுண்புழைகள் இன்றித் தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்டிருப்பது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 4 விழுக்காடு வரை கசியும் வாய்ப்பு உண்டு. இளவயதினருக்கு ஏற்படும் குருதிக்கசிவுக்கு இது முக்கிய காரணம்.
* கேவர்னோமா: விரிவடைந்த நுண்புழைகள் முசுக்கொட்டைப் பழம்போல் திரண்டிருப்பது. சில குடும்பங்களில் மரபுவழி வருகின்றது.
* மோயாமோயா நோய்: மூளையடித் தமனிகள் படிப்படியாகச் சுருங்கி, அவற்றுக்கு ஈடாக மெல்லிய குழாய்கள் புகைபோல் கிளைப்பது. சுசுகி, தகாகு எனும் சப்பானிய மருத்துவர்கள் 1969 இல் இப்பெயரை இட்டனர்.
* மூளைச் சிரைக்குழல் உறைவு: மூளையிலிருந்து குருதி வெளியேறும் வழி உறைகட்டியால் அடைபடுவது. தேங்கிய குருதி பின்னோக்கி அழுத்துவதால் சிறு சிரைகள் வெடித்துக் கசிவு உண்டாகின்றது.

இவை தவிர, குருதி உறைவெதிர்ப்பி மருந்துகளும் கசிவை உண்டாக்கலாம். முடக்குக் காய்ச்சலால் இதய அடைப்பிதழ் கெட்டு, செயற்கை அடைப்பிதழ் பொருத்தப்பட்டு வார்ஃபரின் போன்ற மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்வோர் இந்தியாவில் பலர். குருதியின் உறைதன்மையை முறையாகச் சோதித்துக்கொள்ளாவிடில் இவர்களுக்கு ஆபத்து மிகுதி. கண்ணாடி விரியன் பாம்பின் நஞ்சு குருதியின் உறையும் திறனைக் கெடுப்பதால், அதன் கடிக்குப் பின்னும் மூளையில் குருதி கசிவதுண்டு.

நோய் வளரும் முறை

குழாய் வெடித்தவுடன் குருதிக்கட்டி சுற்றியுள்ள நரம்பிழைகளை விலக்கியும் கிழித்தும் இடம்பிடிக்கின்றது. இது ஒரே நொடியில் முடிந்துவிடுவதன்று. 1997 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் தொடங்கிய மூன்று மணி நேரத்துக்குள் படமெடுக்கப்பட்ட நோயாளிகளில் 26 விழுக்காட்டினருக்கு அடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கட்டி குறிப்பிடத்தக்க அளவு பெருத்திருந்தது. இருபது மணி நேரத்துக்குள் இது 38 விழுக்காடாக உயர்ந்தது. முதல் சில மணி நேரத்தில் தரப்படும் மருத்துவத்தின் மதிப்பு இதனாலேயே உணரப்பட்டது.

மண்டையோடு விரிந்துகொடுக்காத பெட்டி ஆகையால், உள்ளே குருதி சேரச்சேர அழுத்தம் கூடுகின்றது. அழுத்தம் எல்லை மீறினால் மூளை தன் இடத்திலிருந்து பிதுங்கி, மூச்சையும் இதயத்தையும் இயக்கும் மூளைத்தண்டை நசுக்கும். அடுத்த நாட்களில், சிதைந்த குருதிச் செல்களிலிருந்து வெளியேறும் இரும்பு முதலியன சுற்றுத் திசுவில் வீக்கத்தை உண்டாக்குகின்றன. சிலந்திவலைப் படலத்தின் கீழ்க் கசிந்த குருதி, நான்காம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையான காலத்தில் தமனிகளைச் சுருங்கச் செய்வதுண்டு. முதற் கசிவில் உயிர் பிழைத்தவர் இரண்டாம் வாரத்தில் குழாய்ச் சுருக்கத்தால் பாதிக்கப்படுவது இதனால்தான்.

அறிகுறிகள்

* முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரென வலுவிழத்தல்
* பேச்சுக் குளறுதல், சொல் வராமை, பிறர் சொல்வது விளங்காமை
* கடுந்தலைவலி, வாந்தி, மயக்கம், நினைவு மங்குதல்
* நடை தள்ளாடுதல், தலைசுற்றல் (சிறுமூளைக் கசிவில்)
* வலிப்பு

தமனிப் புடைப்பு வெடிக்கும்போது வாழ்நாளில் அறியாத அளவு கொடிய தலைவலி, இடி இறங்கியதுபோல் நொடிப்பொழுதில் உச்சத்தை எட்டும். கழுத்து விறைத்தலும் ஒளியைக் காணக் கூசுதலும் தொடரும். சிலருக்குப் பெருங்கசிவுக்கு நாட்கள் முன்பே சிறு கசிவு ஏற்பட்டுத் தலைவலி வந்து தணிவதுண்டு. இதனை ஒற்றைத் தலைவலி என்றோ சூடு என்றோ விட்டுவிடுவதால் காப்பாற்றக்கூடிய காலம் கடந்துபோகின்றது.

வாந்தி, தலைவலி, மயக்கம் ஆகியவை குருதிக்கசிவில் மிகுதி என்றாலும் அவற்றைக் கொண்டு மட்டும் வகையைத் துணிய முடியாது. எனவே பக்கவாத அறிகுறி கண்டவருக்கு, இதய நோய்க்குச் செய்வதுபோல் வீட்டிலேயே ஆசுபிரின் மாத்திரை கொடுப்பது தவறாகும்.

கண்டறிதல்

சி.டி. எனப்படும் கணித்த குறுக்குவெட்டுப் படமே முதன்மையான சோதனை. சில நிமிடங்களில் முடியும் இப்படத்தில் புதிதாகக் கசிந்த குருதி வெண்மையாகத் தெரியும். கட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைப் பெருக்கி இரண்டால் வகுத்தால் அதன் கொள்ளளவு தோராயமாகக் கிடைக்கும். 2001 இல் வகுக்கப்பட்ட ஒரு மதிப்பெண் முறை, நோயாளியின் உணர்வுநிலை, 30 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவு, மூளை அறைகளுள் குருதி புகுந்திருத்தல், கசிவு மூளையின் கீழ்ப்பகுதியில் இருத்தல், வயது 80 அல்லது அதற்கு மேல் என்னும் ஐந்து கூறுகளைக் கொண்டு நோயின் கடுமையைக் கணிக்கின்றது.

குழாய்க் கோளாறை அறியக் குழாய்களில் நிறமூட்டி செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம் பயன்படுகின்றது. கேவர்னோமா, சிரைக்குழல் உறைவு, பழைய நுண்கசிவுகள் ஆகியவற்றைக் காந்த ஒத்ததிர்வுப் படம் நன்கு காட்டும். சி.டி. படத்தில் குருதி தெரியாதபோதும் ஐயம் நீடித்தால் முதுகுத் தண்டுவட நீர் எடுத்துச் சோதிக்கப்படுகின்றது.

மருத்துவம்

இரத்த அழுத்தத்தைக் குறைத்தல்

கசிவின்போது உயர்ந்திருக்கும் அழுத்தத்தை உடனே குறைக்கலாமா என்பது நெடுங்காலம் விவாதத்துக்கு உரியதாயிருந்தது. குறைத்தால் மூளைக்குக் குருதி போதாமற் போகும் என ஒரு சாராரும், குறைக்காவிடில் கட்டி பெருக்கும் என மறுசாராரும் கருதினர். 2013 இல் வெளியான இன்டராக்ட்-2 ஆய்வில் 2,839 நோயாளிகள் இடம்பெற்றனர். சுருங்கழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140 மி.மீ. பாதரசத்துக்குக் கீழ்க் கொணர்வது தீங்கற்றது என்றும், ஊனத்தின் அளவைச் சற்றுக் குறைக்கின்றது என்றும் அது காட்டியது. 2016 இல் வெளியான மற்றோர் ஆய்வு, அழுத்தத்தை அதைவிட மேலும் கடுமையாகக் குறைப்பதால் கூடுதல் பயனில்லை, சிறுநீரகத்துக்குக் கேடு நேரலாம் என எச்சரித்தது.

2023 இல் வெளியான இன்டராக்ட்-3 ஆய்வு பத்து நாடுகளின் 121 மருத்துவமனைகளில் 7,036 பேரிடம் நடத்தப்பட்டது. இந்தியாவும் இலங்கையும் அவற்றுள் அடங்கும். இரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல், உறைவெதிர்ப்பியின் விளைவு ஆகிய நான்கையும் ஒருங்கே விரைந்து சீராக்கும் எளிய நடைமுறை, நோயாளிகளின் நிலையை மேம்படுத்தியது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத மருத்துவமனைகளும் பின்பற்றக் கூடியது என்பதே இம்முடிவின் சிறப்பு.

சீனாவில் நடந்து 2024 இல் வெளியான இன்டராக்ட்-4 ஆய்வில் அவசர ஊர்தியிலேயே அழுத்தம் குறைக்கப்பட்டது. குருதிக்கசிவு உடையோர் பயன்பெற்றனர். குழாய் அடைப்பு உடையோருக்கு அது தீங்கு செய்தது. ஒட்டுமொத்தத்தில் பயன் இல்லை. வகையை அறியும் முன் மருந்து தருவதன் இடரை இம்முடிவு தெளிவாக்கியது.

அறுவை மருத்துவம்

சிறுமூளையில் பெருங்கட்டி தோன்றி மூளைத்தண்டை அழுத்தும்போது அறுவை செய்வது உயிர் காப்பதாகும். பெருமூளைக் கசிவில் நிலைமை வேறு. 2005 இல் வெளியான ஸ்டிச் ஆய்வு 27 நாடுகளைச் சேர்ந்த 1,033 பேரைக் கொண்டது. மண்டையைத் திறந்து உடனே கட்டியை அகற்றுவதால் ஒட்டுமொத்தமாகப் பயன் இல்லை என அது முடிவுசெய்தது. 2024 இல் வெளியான என்ரிச் ஆய்வோ, 24 மணி நேரத்துக்குள் சிறு துளை வழியாகக் கட்டியை அகற்றுவது மூளை மடல்களில் கசிவு ஏற்பட்டோருக்குப் பயன் தருகின்றது எனக் காட்டியது.

வெடித்த தமனிப் புடைப்பு மீண்டும் வெடிக்காமல் அதன் கழுத்தில் கவ்வியிடுவது ஒரு முறை. தொடைத் தமனி வழியே நுண்குழல் செலுத்திப் புடைப்பினுள் பிளாட்டினச் சுருளை நிரப்புவது மற்றொரு முறை. இரண்டுக்கும் ஏற்ற 2,143 நோயாளிகளை ஒப்பிட்ட 2002 ஆம் ஆண்டு ஆய்வில், ஓராண்டின் பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்ந்தோரும் சுருள் முறையில் 23.7 விழுக்காடு, கவ்வி முறையில் 30.6 விழுக்காடு. குழாய்ச் சுருக்கத்தின் விளைவைக் குறைக்க நிமோடிபின் எனும் மருந்து 21 நாட்கள் கொடுக்கப்படுகின்றது.

மறுவாழ்வு

பிழைத்தோருக்கு இயன்முறை மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் இன்றியமையாதன. குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து வீட்டில் மறுவாழ்வளிக்கும் முறையை இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் சோதித்த அட்டெண்டு ஆய்வு 2017 இல் வெளிவந்தது. வழக்கமான கவனிப்பைவிட இம்முறை மேம்பட்ட பயனைத் தரவில்லை. பயிற்சி பெற்ற பணியாளரின் இடத்தைக் குடும்பத்தாரின் அன்பு மட்டும் நிரப்பிவிட முடியாது என்பதை அரசுகளுக்கு உணர்த்திய முடிவாக இதனைக் கொள்ளலாம்.

ஆய்வு வரலாறு

சுவிட்சர்லாந்தின் யோகான் யாக்கோப் வெப்பர் 1658 இல், திடீர் முடக்கத்தால் இறந்தோரின் மூளையை அறுத்து ஆராய்ந்து, அங்கே குருதி கசிந்திருப்பதைக் காட்டினார். 1868 இல் பிரான்சின் சார்க்கோ, பூச்சார் ஆகியோர் நுண்தமனிப் புடைப்புகளை விவரித்தனர். போர்த்துக்கலின் எகாசு மோனிசு 1927 இல் உயிருள்ளவரின் மூளைக் குழாய்களை முதன்முதலில் ஊடுகதிர்ப் படத்தில் காட்டினார். 1937 இல் அமெரிக்காவின் வால்ட்டர் டாண்டி தமனிப் புடைப்புக்கு முதல் கவ்வியை இட்டார். 1971 இல் இலண்டனில் காட்ஃபிரி ஹவுன்சுஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவியால் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. கசிவையும் அடைப்பையும் நோயாளி உயிருடன் இருக்கும்போதே பிரித்தறிவது அதன் பின்னரே எளிதாயிற்று. இதற்காக ஹவுன்சுஃபீல்டும் ஆலன் கார்மாக்கும் 1979 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

தென்னிந்தியாவில் ஆய்வுகள்

வேலூரும் சென்னையும்

இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையை யேக்கப் சாண்டி 1949 இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். அடுத்த ஆண்டு பா. இராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இத்துறையைத் தொடங்கினார். இவ்விருவரும் எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் சேர்ந்து 1951 இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர்.

இந்தியரிடையே தமனிப் புடைப்பு அரிது என்னும் கருத்து அக்காலத்தில் நிலவியது. இராமமூர்த்தி 1969 இல் இந்தியாவில் இதன் நிகழ்வு பற்றிக் கட்டுரை வெளியிட்டார். நோய் உண்மையிலேயே அரிதா, அன்றி நோயாளிகள் மருத்துவமனையை அடையும் முன்பே இறந்துவிடுவதால் அரிதாகத் தோன்றுகின்றதா என்னும் வினா அதன் பின்னும் தொடர்ந்தது. போக்குவரத்தும் படக்கருவிகளும் பெருகிய பின் கண்டறியப்படுவோர் எண்ணிக்கை உயர்ந்தமை இரண்டாம் விளக்கத்துக்கு வலுச்சேர்க்கின்றது.

பெங்களூர்

தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், 1974 திசம்பர் 27 இல் மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும் அனைத்திந்திய மனநலக் கழகமும் இணைந்து உருவானது. நரம்பறுவை மருத்துவர் ரா. மார்த்தாண்ட வர்மா இதன் முதல் இயக்குநர். நடுவண் அரசைச் சார்ந்த நிறுவனமாதலால் கருநாடகம், தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலத்தாரும் இங்கு வருகின்றனர். 1995 இல் இங்கு மூளைத் திசு வங்கி அமைக்கப்பட்டது. பெங்களூரில் பக்கவாத நோயாளிகளைத் தொடர்ந்து பதிவுசெய்வது இயலுமா என்பதை ஆராய்ந்த இந்நிறுவனத்தாரின் கட்டுரை 2009 இல் வெளிவந்தது.

2010 இல் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் எனும் 22 நாட்டு ஆய்வில் பெங்களூர் தூய யோவான் மருத்துவக் கல்லூரியும் பங்கேற்றது. உயர் இரத்த அழுத்தம், புகைபிடித்தல், இடுப்புப் பருமன், உணவு முறை, மது ஆகிய ஐந்தும் குருதிக்கசிவுக்கு முக்கிய காரணிகள் என அது கண்டது. ஐந்தும் மாற்றக்கூடியவை.

பேறுகாலச் சிரைக்குழல் உறைவு

இந்திய ஆய்வாளர்கள் உலக மருத்துவத்துக்குச் சிறப்பாகப் பங்களித்த பகுதி இது. குழந்தை பெற்ற சில நாட்களில் தலைவலி, வலிப்பு, மயக்கம் கண்டு இறந்த பெண்கள் பலர். பேய்க்கோளாறு என்றும் சன்னி என்றும் எண்ணப்பட்ட இந்நிலைக்கு மூளைச் சிரைக்குழல் உறைவே பல நேரங்களில் காரணம் எனத் தெரியவந்தது. தமிழக நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் 1983 இல் கருவுற்ற, மகப்பேறடைந்த 135 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். பேற்றுக்குப் பின் தாய்க்கு நீர் குறைத்துக் கொடுக்கும் பத்திய வழக்கமும் குருதிச்சோகையும் இதற்குத் துணைக்காரணங்களாகக் கருதப்பட்டன.

சிரை அடைப்பால் மூளையில் குருதி கசிந்திருக்கும்போது, குருதியை உறையவிடாத ஹெப்பாரின் மருந்தைக் கொடுப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் அடைப்பு நீங்கினால்தான் கசிவு நிற்கும். செருமனியில் 20 நோயாளிகளிடம் நடந்த சோதனை 1991 இல் இதன் பயனைக் காட்டியது. நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் து. நாகராஜா குழுவினர் பேறுகால உறைவுற்ற 57 பெண்களிடம் நடத்திய ஹெப்பாரின் சோதனை 1995 இல் வெளிவந்தது. சோதனைகள் சிறியவையாயினும், கசிவு காணப்பட்டபோதும் ஹெப்பாரின் கொடுப்பது இன்று ஏற்கப்பட்ட மருத்துவமாகும்.

நோயின் போக்கும் மாறிவருகின்றது. ஐதராபாத்தில் 428 நோயாளிகளைப் பற்றி 2012 இல் வெளியான ஆய்வில் ஆண்களே சற்று மிகுதி. பேறுகாலத்தைச் சேர்ந்தோர் பத்தில் ஒரு பங்கினரே. மருத்துவமனை மகப்பேறு பெருகியதும், மது, ஓமோசிசுட்டீன் மிகுதி முதலிய பிற காரணிகள் வெளிப்பட்டதும் இம்மாற்றத்துக்குக் காரணமாகலாம்.

ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரம்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பெப்ரவரி 9 இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 18.8 லட்சம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வழங்கும் எல்லைப்பகுதி இது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின், வானூர்தி உதிரிகள் முதல் இருசக்கர ஊர்திகள், கைக்கடிகாரம் வரை செய்யும் ஆலைகள் ஓசூரில் பெருகின. 2019 இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று.

தொலைவும் நேரமும்

ஓசூர் பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது. நிம்ஹான்ஸ் அமைந்திருப்பதும் பெங்களூரின் ஓசூர் சாலையிலேயே. பொம்மசந்திரம் முதலிய இடங்களிலுள்ள பெரிய தனியார் மருத்துவமனைகளும் இதே நெடுஞ்சாலையில் உள்ளன. மறுபுறம், கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் சுமார் 110 கிலோ மீட்டரிலும் வேலூர் சுமார் 120 கிலோ மீட்டரிலும் உள்ளன. ஆகவே இவ்வட்டார மக்களுக்கு எல்லை கடந்த பெங்களூரே அண்மையான நரம்பியல் மையமாக விளங்குகின்றது.

ஆயினும் தொலைவு வேறு, நேரம் வேறு. அத்திப்பள்ளி எல்லையையும் மின்னணு நகரையும் கடக்கும் இச்சாலையில் வேலைக்குச் செல்லும் நேரங்களில் நெரிசல் மிகுதி. முதல் ஒரு மணி நேரத்திலேயே கட்டி பெருக்கும் இந்நோயில், அருகிலுள்ள மருத்துவமனையில் சி.டி. படம் எடுத்து, இரத்த அழுத்தத்தைச் சீராக்கி, மூச்சுக்குழலைப் பாதுகாத்த பின் பெரிய மையத்துக்கு அனுப்புவதே சிறந்ததாகும். தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008 இல் தொடங்கியது. தமிழ்நாடு விபத்து, அவசர சிகிச்சை முன்முயற்சித் திட்டத்தில் பக்கவாதமும் ஒரு பிரிவு. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 இல் திறக்கப்பட்டது.

தொழிலாளரும் இரத்த அழுத்தமும்

உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021 இல் வெளியிட்ட கூட்டு மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத வாய்ப்பு 35 விழுக்காடு மிகுதி. இரவுப் பணி, உறக்கக் குறைவு, ஆலைக்கு வெளியே விற்கும் உப்பு மிகுந்த உணவு, புகை, மது ஆகியவை இரத்த அழுத்தத்தை உயர்த்துவன அல்லது பக்கவாதத்துக்கு வழிகோலுவன. இவை அனைத்தும் தொழில் நகர வாழ்க்கையில் ஒன்றுகூடுகின்றன. வெளிமாநிலங்களிலிருந்து வந்து தனியே தங்கி உழைக்கும் இளைஞர், அறிகுறி தோன்றும்போது உடனிருந்து அழைத்துச்செல்ல ஆளின்றி இருப்பதும் கருதத்தக்கது.

மக்களைத் தேடி மருத்துவம்

2020 இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதையும், அவர்களுள் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருப்பதையும் காட்டியது. அதாவது, நோயுடைய நூறு பேரில் தொண்ணூற்றிரண்டுக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பின்றி இருந்தனர். இந்நிலையில் தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகத்து 5 இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி சிற்றூரில் தொடங்கப்பட்டது. பெண் நலத் தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, நோயுடையோருக்கு மாதந்தோறும் மருந்தை வீட்டிலேயே கொடுப்பது இதன் முறை. இயன்முறை மருத்துவமும் வீட்டில் அளிக்கப்படுவதால் பக்கவாதத்திலிருந்து மீள்வோருக்கும் இது பயன்படுவதாயிற்று. பின்னர் தொழிலிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 2024 இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பல்துறைப் பணிக்குழு விருதைப் பெற்றது.

மருந்தை நாள்தோறும் விடாது உட்கொள்வதே இத்தகைய திட்டங்களின் வெற்றியைத் தீர்மானிக்கின்றது. உயர் இரத்த அழுத்தம் வலி எதையும் தருவதில்லை ஆதலால், உடல் நன்றாக உள்ளது என்று எண்ணி மாத்திரையை நிறுத்துவோர் பலர். கசிவு நேரும்போதுதான் அதன் விளைவு தெரிகின்றது.

தடுப்பு

* வயது வந்தோர் அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தத்தை அளந்துகொள்ளல்
* மருத்துவர் கூறாமல் மருந்தை நிறுத்தாதிருத்தல்
* உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைத்தல். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பொட்டலத் தின்பண்டங்களைக் குறைத்தல்
* புகையிலை, மது ஆகியவற்றைத் தவிர்த்தல்
* மகப்பேற்றுக்குப் பின் தாய்க்குப் போதிய நீர் கொடுத்தல், குருதிச்சோகையைச் சீராக்கல்
* உறைவெதிர்ப்பி மருந்து உட்கொள்வோர் குருதிச் சோதனையைத் தவறாமல் செய்துகொள்ளல்

முன்பே பக்கவாதம் வந்தோரிடம் இரத்த அழுத்த மருந்தின் பயனை ஆராய்ந்த 2001 ஆம் ஆண்டின் புரோகிரஸ் ஆய்வில் 6,105 பேர் பங்கேற்றனர். மருந்து பெற்றோரிடம் மீண்டும் பக்கவாதம் வருவது 28 விழுக்காடு குறைந்தது. குருதிக்கசிவு வகையில் இப்பயன் இன்னும் மிகுதி. வெடித்த குழாயை ஒட்டவைப்பதைவிட வெடிக்காமல் காப்பது எளிது என்பதையே இதுவரையான ஆய்வுகள் ஒருமித்துக் காட்டுகின்றன.

இவற்றையும் பார்க்க

* பக்கவாதம்
* உயர் இரத்த அழுத்தம்
* மூளை
* பா. இராமமூர்த்தி
* நிம்ஹான்ஸ்
* கிருஷ்ணகிரி மாவட்டம்